மூன்றாம் நாள் கோவா

மாங்குளம் சந்தையில் சீனக் கோவா இல்லை,
உருண்டைக் கோவாதான்.
கொரியாவின் மீன்சாறுக்குப் பதிலாக
முல்லைத்தீவுக் கூனி.
போனில் ஒரு பெண் சிரித்துச் சிரித்துப் பிசைய
நிரோஜாவும் பிசைந்தாள், கை எரிய எரிய.
பிளாஸ்டிக் போத்தலில் அடைத்து
மூடியைத் திருகினது நான்.
நல்ல இறுக்கு.

மூன்றாம் இரவு குசினிக்குள் வெடிச்சத்தம்.
நித்திரை தெளிய
நான் கட்டிலுக்குக் கீழே.
அவள் எனக்கு முதலே அங்கே,
மகனின் தலையை அமத்தியபடி.
அவனுக்கு எட்டு வயது.
“என்ன விளையாட்டம்மா?” என்றான்.

மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கோ என்று
அந்தப் பெண் சொல்லித்தான் இருப்பாள்,
கொரிய மொழியில்.

விளக்குமாறோடு நாங்கள் நிற்க
சுவரில் ஒட்டினதை விரலால் வழித்து
நக்கிப் பார்த்தான் மகன்.
“உறைக்குது. சோறு கிடக்கா?”