உணரி எண் பதினேழு

ஹாமில்டன், கிழக்குக் கோடி.
இரும்பாலைச் சுவரிலிருந்து ஆறாவது தெரு.
டோரீன் வீட்டு ஜன்னல் விளிம்பை
விரலால் வழித்தால் கறுப்பு வரும்.
விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி
"இதை அளந்து கொடு" என்றாள்.

அளக்கிறேன். அதற்குத்தான் சம்பளம்.
ஒரு தலைமுடியின் தடிமனை
ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு:
அவ்வளவே மெலிந்த வெள்ளீய ஆக்சைடு இழைகள்,
நகத்தைவிடச் சின்னச் சில்லு ஒன்றில்.
முந்நூறு டிகிரியில் காய்ந்துகொண்டே இருக்க வேண்டும்;
ஆறினால் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

அதன் கணக்கு எளிது.
ஆக்சிஜன் வந்து உட்கார்ந்து
எலக்ட்ரானைக் கடன் வாங்கும்.
கார்பன் மோனாக்சைடு வந்து
கடனைத் தீர்த்துவிட்டுப் போகும்.
எங்கிருந்து வந்தாய், யார் அனுப்பினார்
என்று இழை கேட்பதில்லை.
மின்தடை இறங்கும்.
திரையில் ஒரு முள் எழும்.

முப்பது உணரிகள், முப்பது வேலிகள்.
வாடை அடித்தால் எல்லாம் எகிறும்,
ஆலை அந்தப் பக்கம்.
பதினேழு மட்டும்
வாடை இல்லாத இரவிலும்
இரண்டு நாற்பதுக்கு முள் காட்டியது.
ஜனவரியில் பதினோரு முறை.
அப்போதெல்லாம் காற்று தெற்கிலிருந்து.
நம் அகராதியில் அதற்குத் தென்றல் என்று பெயர்,
இங்கே மைனஸ் பதினாறு.

சில்லை மாற்றினேன். மறுபடியும்.
ஈரப்பதமோ என்று பார்த்தேன். இல்லை.
பதினேழு
எங்கள் வீட்டுப் பின்வேலி.

பன்னிரண்டாம் முறைக்கு விழித்திருந்தேன்,
சமையலறையில், விளக்குப் போடாமல்.
என் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு
வேலியோரம் தவயோகன்.
கையில் சிவப்பாய் ஒரு புள்ளி.
அக்டோபரிலேயே விட்டாயிற்று என்றவர்.
வீட்டுப் பக்கம் புகை வரக்கூடாதென்று
அக்கறையாய்த் திரும்பி நின்று
நேராக உணரியின் முகத்தில் ஊதினார்.

வெள்ளிக்கிழமை தெருக்கூட்டம்.
அந்தப் பன்னிரண்டையும் விட்டுவைத்திருந்தால்
டோரீனுக்குச் சந்தோஷமாக இருக்கும்.
எனக்கும்தான், ஒரு நிமிடம்.
ஆனால் ஆலைக்கும் ஒரு நியாயம் உண்டே,
மிச்சமுள்ள முட்களே அதற்குப் போதும்.
நீக்கினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'உள்ளூர் மூலம்' என்று தட்டினேன்.
யாரும் கேட்கவில்லை.

அன்றிரவும் தென்றல்தான்.
மூன்று மணிக்குப் போர்வைக்குள்
பெப்பர்மின்ட் வாசனை,
ஜில்லென்று இரண்டு பாதங்கள்.
"தூங்கிட்டியா?" என்றார்.

முந்நூறு டிகிரியில் காய்ந்துகொண்டு
ம் என்றேன்.