மூன்றாவது கட்டு

ஒரே ஒரு பிரதிதான் வந்தது.
வேளாங்கண்ணிக்குப் போன யாரோ
ஊறுகாய்ப் புட்டிக்கும் புதுச்சேலைக்கும் நடுவே
அமுக்கிக் கொண்டுவந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நாங்கள் ஐந்து பேர்.
மௌங் ஸோவைச் சேர்த்தால் ஐந்தரை,
அதை அவனே சொல்வான்:
தமிழ் பேச வரும், எழுத்து வராது.
கையில் இருப்பது ஒரு மாதம்.

அருளப்பன் பிளேடை எடுத்தபோது
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.
முதுகுப் பசை கிழிகிற சத்தம்
ரொட்டியைப் பிய்ப்பது போலத்தான் இருந்தது.
ஐந்து கட்டு, கட்டுக்கு ஆறு நாள்.
சீட்டுக் குலுக்கியதில் எனக்கு மூன்றாவது.

அப்படித்தான் ஓர் உப்பளத்துக் கதையில்
நடுவழியில் ஏறிக்கொண்டேன்.
வடிவு என்றொருத்தி
ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள்.
யார் செத்தது, யார் ஏமாற்றியது, ஒன்றும் தெரியாது.
ரயிலில் எதிரே உட்கார்ந்து அழுகிறவளை
ஏனென்று கேட்கவும் முடியாமல்
பார்த்துக்கொண்டே வருவோமே, அப்படி ஆறு நாள்.

ரங்கூனில் எங்கள் தெருவில்
எல்லாப் பால்கனியிலிருந்தும் கயிறு தொங்கும்.
நுனியில் கிளிப், மேலே மணி.
பேப்பர் ஏறும், சாவி இறங்கும்.
ஏழாம் நாள் காலை என் கட்டு
சுலைகாவின் நாலாம் மாடிக்கு ஏறியது,
காற்றில் சுற்றிச் சுற்றி,
மூன்றாம் மாடி ஈர லுங்கியில் உரசி.
எட்டிப் பார்த்துக் கத்தினாள்:
"வடிவு பிழைச்சாளா? வேணாம், சொல்லாதே!"

சொல்லாமல் இருப்பதுதான் சட்டம்.
ஐந்தாம் கட்டை முடித்தவர்
டீக்கடையில் லபெட்யேயை ஊதி ஊதிக் குடிப்பார்,
கோப்பைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு.

பதினேழாம் நாள்
தைலம்மை வீட்டுக் கயிற்றை இழுத்தேன்.
மணி அடித்தது.
மறுபடியும் அடித்தது.
மகன் பெயருக்கு ஒரு கடிதம் வந்ததாம்.
அன்று இரவே இரண்டு பேரும் பஸ் ஏறியிருக்கிறார்கள்.
அரிசி டின் பக்கத்து வீட்டுக்கு,
பூனை கோவிந்தராஜுலுவுக்கு.
மூன்றாவது கட்டு
அவள் பையிலேயே போய்விட்டது.

மாதக் கடைசி ஞாயிறு.
அருளப்பனும் கோவிந்தராஜுலுவும்
மூன்றைப் படிக்காதவர்கள்.
பாலம் இல்லாத ஆற்றின் கரையில் நிற்பதுபோல நின்றார்கள்.
அப்போது மௌங் ஸோ
கைப்பேசியை மேசையில் வைத்தான்.
அவனுக்காக நான் வாசித்து அனுப்பியது எல்லாம்
அதில் இருந்தது.
ஜெனரேட்டர் இரைச்சலோடு என் குரல்,
என் கொட்டாவி, என் இருமல், வடிவின் அழுகை.
"அரை ஆள்தான், ஆனா முழுசா வச்சிருக்கேன்" என்றான்.

முழுசு இல்லை.
நூற்று அறுபதாம் பக்கம் வந்தபோது
நடுராத்திரியில் கரண்ட் வந்தது.
தண்ணி மோட்டார் போட ஓடினேன்,
திரும்பி வந்து
நூற்று அறுபத்து மூன்றிலிருந்து தொடர்ந்தேன்.
யாருக்குத் தெரியப்போகிறது என்று.
இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பூனையும்.

தைலம்மைக்குச் செய்தி அனுப்பினோம்.
இரண்டு மணி நேரம் ஒற்றை டிக்கிலேயே நின்றது.
பிறகு அவள் குரல்,
மியாவடிக்கு அப்பால் எங்கேயோ,
பின்னால் யாரோ மீன் விலை கூவ,
அந்த இரண்டு பக்கத்தையும்
அவசரமில்லாமல் வாசித்தாள்.
முடித்துவிட்டுச் சொன்னாள்:
"அஞ்சு, நாலு, மூணுன்னு
தலைகீழாத்தான் எனக்கு வந்துச்சு.
எப்படி முடிஞ்சுதுன்னு தெரியும்.
எப்படி ஆரம்பிச்சுது, அதைச் சொல்லுங்க."

சுலைகா முதல் கட்டைக் கிளிப்பிலிருந்து உருவினாள்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"பக்கம் ஒண்ணு" என்றாள்.
கீழே தெருவில் யாரோ கயிற்றை இழுக்க
மணி அடித்தது.
நிறுத்தாமல் வாசித்தாள்.
அதுவும் பதிவாயிற்று.