ஒரு மாடி தள்ளுபடி

ஆறு தசம் மூன்று என்றார் டொக்டர்.
சீனி வியாதி இன்னும் உள்ளே வரவில்லை,
வாசலில் நின்று சப்பாத்துக் கழற்றுகிறது.
ஒவ்வொரு நாளும் நடக்க வேணும் என்றார்.
வெளியே மைனஸ் இருபத்தொன்று.

மார்க்கம் வீதி ஜிம்முக்கு
மாதம் ஐம்பத்தாறு டொலர், வரி வேறு.
பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன்:
டாக்சிக்கு நாலு பனிக்கால டயர்.

எங்கள் கட்டடத்தில் படிக்கட்டு இலவசம்.
மாடிக்குப் பதினாறு படி.
பன்னிரண்டுக்கு அடுத்தது பதினான்கு;
கட்டியவர்களுக்குப் பதின்மூன்றில் பயம்,
எண்ணையே எடுத்துவிட்டார்கள்.
பதினேழு வரை ஏறினால்
ஒரு மாடி தள்ளுபடி.

முதல் நாள் ஐந்தாம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.
யாரோ மீன் பொரித்தார்கள்.
ஒரு நாய், கதவுக்குப் பின்னால்,
என் மூச்சைக் கேட்டுக் குரைத்தது.
பகல் முழுக்க ஸ்டியரிங்கின் முன் மடிந்திருக்கும் உடம்புக்கு
முழங்கால் இரண்டு உண்டென்று
அன்றுதான் ஞாபகம் வந்தது.

டம்பெல்லுக்குப் பதில்
மைசூர்ப் பருப்பு, எட்டு இறாத்தல்,
மகளின் பழைய புத்தகப்பைக்குள்.
வியாழக்கிழமை வரும் விளம்பரத்தாளில்
சுகந்தினி வட்டம் போட்டு வாங்கியது.
கோவா இறாத்தல் அறுபத்தொன்பது சதம்,
முட்டை முப்பது, டின் மீன் நாலு,
தோல் கறுத்த வாழைப்பழம் பை ஒரு டொலர்.
சோற்றைப் பாதியாக்கி
அந்த இடத்தில் கோவா வறை வைத்தாள்.
கோப்பை நிறைந்துதான் இருந்தது.
வயிறு மூன்று கிழமை வழக்குப் பேசியது.

ஒன்று சொல்ல வேண்டும்.
என் எடைக்கல்லை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.
தினமும் அரைச்சுண்டு
பையிலிருந்து சட்டிக்குப் போகும்.
"உங்கட டம்பெல்லில இன்னும் ரெண்டு கறிதான் கிடக்கு"
என்பாள் மாதக் கடைசியில்.
அந்த நாட்களில் ஓடியே ஏறினேன்,
தேறிவிட்டேன் என்று நினைத்தேன்.
முதலாம் திகதி புதுப் பை வந்தது.
அடக்கமும் வந்தது.

பெப்ரவரியில் லிஃப்ட் இரண்டும் நின்றன.
கதவில் ஒட்டிய கடதாசி மன்னிப்புக் கேட்டது,
திகதி சொல்லவில்லை.
நான் தனியே ஆண்ட படிக்கட்டில்
கட்டடமே ஏறியது.
பீட்சாப் பெடியன், குழந்தை வண்டி, யாரோ ஒருவரின் மெத்தை.
மெத்தையை மூன்றாம் மாடியில் கைவிட்டிருந்தார்கள்;
போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும்
அதில் கொஞ்சம் இருந்து போனார்கள்.

பதினாறாம் மாடி மரிசெல்
அரிசி மூட்டையோடு நாலில் நின்றாள்.
இருபது இறாத்தல்.
என் முதுகில் பருப்பு ஏற்கனவே.
வாங்கித் தோளில் போட்டேன்.
அவள் மகன் முன்னால் ஓடி
ஒவ்வொரு கதவிலும் எண்ணை உரக்கப் படித்தான்.
பன்னிரண்டு.
பதினான்கு.
நின்றான். இறங்கிப் போய்த் தேடினான்.
திரும்ப ஏறி வந்து
பதின்மூன்று எங்கே என்று என்னைக் கேட்டான்,
நான் ஒளித்து வைத்தவன் மாதிரி.
வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது.
அரிசியை இறக்கி வைத்துவிட்டு
அவனோடு சேர்ந்து சுவரைப் பார்த்தேன்,
நெடுநேரம், மிகுந்த அக்கறையோடு.

ஒன்பதாம் நாள் லிஃப்ட் உயிர்த்தது.
இரத்தப் பரிசோதனைத் தாளில் ஆறு தசம் ஒன்று.
அதைச் சுகந்தினி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள்,
கோவா விலைக்குப் பக்கத்தில்.

இன்று முழங்கால் நோ. லிஃப்டில் போனேன்.
பன்னிரண்டில் விளக்கு எரிந்து அணைந்தது.
பதினான்கு எரிவதற்குள்
வலது கால் தானே எழும்பி
இல்லாத படியொன்றைத் தேடியது.
பக்கத்தில் நின்றவர்
சற்று நகர்ந்து இடம் விட்டார்.