வெளியேறாதவர்கள்

கடல் உறைந்துவிட்டது.
ஹியூமா தீவுக்கு இப்போது பனிச்சாலை.
வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி வேண்டும்,
சீட் பெல்ட் போடக் கூடாது,
நடுவில் நிற்கவே கூடாது.
கார்ட்லா மருத்துவமனையின் நிலவறையில்
நானும் இதைத்தான் ஓர் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்:
ஒரே வழி. ஒவ்வொருவராக.

போன மாதம்வரை எல்லாரும் எங்கிருந்தும் நுழைந்தார்கள்.
மருந்தகத்தின் கடவுச்சொல் மஞ்சள் சீட்டில்.
எக்ஸ்ரே அறையினுடையது டார்மோவின் நாயின் பெயர்;
அந்த நாயைத் தீவுக்கே தெரியும்.

அடுக்கில் இருப்பது ஒரே ஒரு சர்வர்,
இரண்டு மீன்பெட்டி உயரம்.
அதற்குள் ஒன்பது கணினிகள்,
தட்டினால் ஒலிக்காதவை,
தூசி படியாதவை.
மெய் அல்ல, மெய்க்கு நிகர் என்கிறது சொல்.
இரத்தப் பரிசோதனை முடிவு தாமதமானால்
மாடியில் வியர்த்துக் கிடக்கும் மெய்க்கு
நிகர் ஏதும் இல்லை.

ஒன்பதுக்கும் முன்னால் பத்தாவதாக ஒன்றை நிறுத்தினேன்.
பெயர் கேட்டது.
லாவி என்று தட்டினேன். எங்கள் மொழியில் வாசற்படி.
இனி ஊருக்குத் தெரிவது இந்தப் படி மட்டும்.
உள்ளே இருக்கும் ஒன்பதும்
வேறு யார் குரலுக்கும் திரும்பிப் பார்க்காது.

உரிமங்களுக்கு நூற்றிருபது நாள் தவணை.
சான்றிதழுக்கு என் கையொப்பம் போதாதாம்,
தாலினிலிருந்து வரவேண்டும்.
எட்டுக் கணினிகள் வழிக்கு வந்தன.
ஆய்வகக் கணினி மட்டும் முடியாது என்றது.
இரண்டு மணி நேரம் தேடினேன்
தீச்சுவரில், பெயர்ப் பட்டியலில், என் எழுத்துப் பிழைகளில்.
கடைசியில் பார்த்தால் கடிகாரம்.
அது ஏழு நிமிடம் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தது.
ஐந்துவரை பொறுப்பார்கள்.
ஏழுக்கு மன்னிப்பில்லை.

சோதனை வாரத்தின் ஐந்தாம் நாள் காலை
ஊர்வே மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.
மருந்தகத்தில் திரை செத்துவிட்டது,
பாதி தட்டியிருந்தேன், எல்லாம் போச்சு.
பக்கத்து மேசையின் சின்னப் பெட்டியில் அவளை நுழையச் சொன்னேன்.
அதே பக்கம்.
ஹெப்பரின் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு 5,
அதற்கப்பால் மினுக்கும் சிறு கோடு,
மூன்று பூஜ்யங்களுக்காகக் காத்துக்கொண்டு.
அவள் நாற்காலியின் கைப்பிடியை விடவேயில்லை.

துண்டிக்கப்பட்டவர் வேறு, வெளியேறியவர் வேறு.
முன்னவர் போய் வருகிறேன் என்றவர்.
பின்னவர் போகிறேன் என்றே சொல்லிவிட்டவர்.

சிக்கல் என்னவென்றால்
போய் வருகிறேன் என்ற ஒவ்வொருவரும்
நினைவகத்தில் ஓர் இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறார்கள்.
அதற்காகவே ஒரு கட்டம் இருக்கிறது:
துண்டிக்கப்பட்ட அமர்வை எத்தனை மணி நேரத்தில் முடிக்க?
ஒருபோதும் வேண்டாம், ஊர்வே.
இரண்டு, தாலின் ஆலோசகர்,
இரவுப் பணி பார்த்தறியாதவர்.

பட்டியலைத் திறந்தேன்.
டாக்டர் கல்யு: மூன்று நாள், பதினொரு மணி நேரம்.
கேக் வெட்டி, கைகுலுக்கி, ஓய்வுபெற்று
பனிச்சாலை வழியே தார்த்துவுக்கு,
மகள் வீட்டுக்குப் போனவர்.
அவர் திரையை நிழலாய்த் தொடர
நிர்வாகிக்கு வழி உண்டு.
ஆனால் ஆள் எதிரே இருக்கவேண்டும்,
இல்லாதவருக்கு நிழல் விழாது.
தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்:
நோட்பேட் ஒன்று திறந்தபடி இருக்கிறது,
நான்கு எம்பி.

தொலைபேசியில் அழைத்தேன்.
பின்னால் தட்டுகள் கழுவும் சத்தம்.
என்ன எழுதினேன் என்று நினைவில்லையே, சிரித்தார்.
ஏதாவது கடைச் சாமான் பட்டியலாக இருக்கும்.
மூடிவிடு.

சரி என்றேன்.
அவர் வைக்கவில்லை. நானும்.
தண்ணீர்க் குழாயை யாரோ நிறுத்தினார்கள்.

காலைவரை இருக்கட்டுமே, என்றார்.

சுவரில் மணி எட்டு.
கட்டத்தில் பன்னிரண்டு என்று தட்டினேன்.