இன்னும் ஒரு பக்கம்

மினசோட்டாவில் ஜனவரி.
பியூகிளின் வாய்முனையைக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறேன்.
குளிர்ந்த பித்தளை
உதட்டுத் தோலைக் கேட்கும்.

ராணுவம் அனுப்பிய பையனிடமும் ஒரு பியூகிள்,
உள்ளே ஒலிப்பெட்டி.
பொத்தானை அழுத்திவிட்டு
ஊதுவதுபோல் நின்றால் போதும்,
பிசிறே வராது என்றான்.
பனியில் பேட்டரி செத்துவிட்டது.
என்னைப் பார்த்தான்.

சாவுக்கென்று பிறந்த மெட்டில்லை இது.
விளக்கை அணை, படு என்று
கூடாரங்களுக்குச் சொன்னது.
வர்ஜீனியாவில் ஒரு போர்க்காலக் கோடை,
எதிரி கூப்பிடு தூரத்தில்.
புதைக்கையில் மரியாதைக்குச் சுட்டால்
மறுபடி சண்டை மூளுமென்று
இதையே ஊதினார்களாம்,
யாரையும் உசுப்பாமல்
ஒருவனை மண்ணுக்குள் அனுப்ப.

இருபத்து நான்கு சுரம்.
உச்சியில், பதினெட்டாவதில்,
உடைந்தேன்.
காதுமடல் கொதித்தது அந்தக் குளிரிலும்.

முக்கோணமாய் மடித்த கொடியோடு
ஆர்டிஸ் ஹாகன் என்னைக் கைகாட்டி அழைத்தாள்.
"அறுபது வருஷத்தில் ஒருநாள்கூட
வெர்லின்
சொன்னவுடன் விளக்கணைத்ததில்லை.
இன்னும் ஒரு பக்கம், இன்னும் ஒரு பக்கம் என்பான்.
நல்லவேளை தடுக்கினாய்.
அதற்குள் முடித்திருப்பான்."