முதலில் எதைக் கேட்பது

பதினேழாம் அறைக்காரரே,
சுவர் வழியே கேட்டதென்று
காதைத் தொட்டுக் காட்டினீர்கள்.
குறைத்துத்தான் வைத்திருந்தேன்.
இந்த லாட்ஜின் சுவர்களுக்கு
அசன்சோல் இருமலையும் அகர்தலா அழுகையையுமே
அடக்கத் தெரியாது.

யார் என்றீர்கள். ரூபன் ஞானமுத்து.
காட்பாடியிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது.
தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
அதில் விட்டுப்போனவர்:
ஒன்பதே ரசிகர்கள் உள்ள ராக் பாடகர்.

ஒன்பது பேரும் ஒரேயொரு தடவை கூடினோம்,
விருதம்பட்டில், பரோட்டாக் கடையில்.
புதிதாக வருகிறவன் முதலில் எதைக் கேட்பது
என்று பேச்சு வந்தது.
சால்னா ஆறுவதற்குள் எட்டுப் பேரானோம்.

மேல்விஷாரம் முஸ்தாக்குக்குச் சந்தேகமே இல்லை,
'இரண்டாம் ஷிப்ட்'.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டில்
ட்ரம்ஸ் வாங்கக் காசில்லாமல்
கெமிக்கல் பேரலைக் கவிழ்த்து அடித்துப் பதிந்தது.
மூன்றாம் பாட்டின் நடுவில் ஒரு சங்கு ஊதும்.
அது பாட்டில் சேர்ந்ததில்லை,
நிஜமாகவே ஷிப்ட் முடிந்த சங்கு.
இன்னொரு நாள் அதே சங்குக்கு
வெளியே வராதவர் முஸ்தாக்கின் அண்ணன்.
அதை அவன் சொல்லமாட்டான்.
மிக்ஸிங் பிரமாதம் என்பான்.

யுவராணிக்கு அது வெறும் இரைச்சல்.
அவள் கைகாட்டுவது 'நாலாம் பிளாட்பாரம்':
ஏ பக்கம் ரயிலேறியவன் பாடுவது,
பி பக்கம் வழியனுப்ப வந்தவள் பாடுவது,
மெட்டு ஒன்றுதான்.
"ஏ பக்கம் பொய், கேட்காதே."
எனக்குத் தந்த பிரதியில் ஏ பக்கத்தின் மேல்
டியூஷன் பிள்ளைகளுக்குத்
தனிம வரிசை அட்டவணையைப் பதிந்திருந்தாள்.
ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம்;
மூச்சு விடும் இடங்களில் அடியிலிருந்து
இன்னும் லேசாகக் கேட்கிறது அவன் ரயில்.

குடியாத்தம் தரணிவேந்தன் கறார்ப் பேர்வழி.
முதல் கேசட்டுக்குப் பிறகு எல்லாம் வியாபாரம் என்பான்.
அந்த வியாபாரத்தில் மொத்தம் விற்றது அறுபத்திரண்டு.
முதல் கேசட்டே பதினாலு பிரதிதான்,
ஒன்று அவனிடம். ஒருவருக்கும் தரமாட்டான்.
தீப்பெட்டிக் கம்பெனி வைத்திருப்பவனுக்கு
எதைப் பார்த்தாலும் எரிந்துவிடும் என்று பயம்.

ரூபனையே கேட்டுவிடலாமென்று போனோம்.
சத்துவாச்சாரியில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிறார்.
"அண்ணே, முதல்ல எதைக் கேக்கலாம்?"
"டிஸ்டில்டு வாட்டர் ஊத்துனீங்களா?"

எட்டுப் பேரும் ஒத்துப்போனது ஒன்றில் மட்டும்:
நீல அட்டையை யாரும் முதலில் கேட்கக் கூடாது.
அதற்குப் பெயரில்லை. வார்த்தையில்லை.
இருபத்தொன்பது நிமிடம்.
அவர் மனைவி படுத்திருந்த மாதம்,
நீங்கள் தினமும் டோக்கன் வாங்குகிற
அதே கட்டிடத்துக்கு எதிர் மொட்டைமாடியில்
ஒரு கிட்டார், ஒரு மேசை விசிறி,
ரிவர்ஸ் எடுக்கும் ஆம்புலன்ஸின் பீப், பீப்.
அவர் அதற்குச் சுருதி சேர்த்திருப்பார்.

"பாடாமல் இருக்கப் பாட்டுக்காரன் எதுக்கு?"
என்றான் தரணிவேந்தன்.
கடையிலிருந்து எழுந்து போன ஒன்பதாவது ஆள் நான்தான்.
பரோட்டாக்குக் காசுகூடக் கொடுக்கவில்லை.

உங்களுக்குத் தமிழ் தெரியாது,
எனக்கு உங்கள் பாஷையில் "சூடு தண்ணீர்" மட்டும் வரும்.
பதினோரு வருடமாக யாராவது கேட்கமாட்டார்களா
என்று காத்திருந்தவன்,
கேட்டதும் கை நடுங்க
டிராயரில் இருந்த நாலையும் எடுத்தேன்.
உங்கள் சட்டைப்பையில்
ஸ்கேன் ரசீது நாலாக மடித்திருந்தது.
இதைக் கொடுக்கலாமா என்று
ஒரு ரயில் போகிற நேரம் யோசித்தேன்.
நீல அட்டையை வாக்மேனில் போட்டு
பேட்டரி மாற்றிக் கொடுத்தேன்.

காலையில் சாவியைத் தந்தீர்கள்.
வாக்மேனைத் தரவில்லை.
இரண்டு விரல் காட்டினீர்கள்.
இரண்டு தடவை கேட்டீர்களா,
இரண்டாவது பாட்டு பிடித்ததா
(அதில் இருப்பதே ஒன்றுதான்),
இல்லை, டாக்டர் ஏதாவது சொன்னாரா.

ரெஜிஸ்டரில்
இரண்டு நாள் நீட்டிப்பு என்று எழுதிக்கொண்டேன்.
அட்வான்ஸ் கேட்கவில்லை.