பதினைந்து நிமிடத் தண்ணீர்

கடித்ததா, என்று கேட்டாள் நர்ஸ் ந்தாபேவா.
இல்லை.
பிறாண்டியதா?
இல்லை.
பேனா நின்றது.
நான்தான் அதன் வாய்க்குள் கையை விட்டேன், என்றேன்.

ஒமருரு ஆஸ்பத்திரிப் படிவத்தில்
அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் சாய்வாக எழுதிக்கொண்டாள்.

நடந்தது இவ்வளவுதான்.
எட்டடி வேலியை அலட்சியமாகத் தாண்டுகிற மிருகம்,
நாங்கள் இழுத்துக் கட்டிய கம்பியை
ஒரு வருஷமாகக் கேலி செய்துகொண்டிருந்த குடு மான்,
திறந்து கிடந்த கேட் வழியாக
கூலிக்கு வந்த ஆளைப்போல உள்ளே நடந்து வந்தது.
நட்டநடுப் பகல்.
டிராக்டர் நிழலில் நின்றது.
முறுக்கிய கொம்பில் காய்ந்த கொடி.
தாடையிலிருந்து நூல்நூலாக எச்சில்.
விழுங்கப் பார்க்கிறது, முடியவில்லை.

தொண்டையில் முள், என்றான் ச்சிக்குவா.
முள்ளைத் தவிர வேறெதுவும் துளிர்க்காத வருஷம் அது.
யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.
காட்டு மிருகம் தன் காதைத் தொட விடுகிறது என்றால்
உதவி கேட்கிறது என்றுதானே நினைப்போம்?
அதன் நாக்கு என் மணிக்கட்டைச் சுற்றியது.
வெதுவெதுப்பு.
உள்ளே முள் இல்லை.
முள் தைத்திருந்தது என் கையில்தான்:
வேலிக்கம்பி கிழித்த ஏழு கீறல்கள்.

பண்ணைக்காரர் லூடெக்கே வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார்.
அவர் ஓடி நான் பார்த்ததில்லை.
சோப்பு, சோப்பு என்று கத்திக்கொண்டே
குழாயை முழுசாகத் திறந்தார்.
எங்களுக்கு வாளி எண்ணித் தண்ணீர் விடுகிறவர்,
நாங்கள் குளித்தால் மீட்டரைப் போய்ப் பார்க்கிறவர்,
என் கை மேல் அதை ஓட விட்டுவிட்டு
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
ஐந்தாவது நிமிஷம், போதும் ஐயா, என்றேன்.
பேசாதே, தேய், என்றார்.

புழுதியில் ஓடிய தண்ணீருக்குக்
கினிக்கோழிகள் வந்தன.
ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தன.
குடு வரவில்லை.
நின்ற இடத்திலிருந்து
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு நெஞ்சில் சுட்டார்.
வின்ட்ஹூக் ஆய்வுக்கூடத்துக்குத் தலை வேண்டுமாம்.
பசித்த வருஷத்தில் அவ்வளவு இறைச்சியையும்
சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம்.
ச்சிக்குவா அழுதான்.
மானுக்கா, இறைச்சிக்கா என்று நான் கேட்கவில்லை.

பின்னால் ஐஸ் பெட்டியில் அதன் தலை,
முன்சீட்டில் ஈரக் கையோடு நான்,
ஒரே வண்டியில் தொண்ணூறு கிலோமீட்டர்.

ஏழு கீறலுக்கும் தனித்தனியாக ஊசி ஏற்றினாள் ந்தாபேவா.
தோளில் இன்னொன்று.
மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள்
என்று அட்டையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.
ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும், என்றேன்.
போகட்டும், என்றாள்,
நோய் வந்தபின் நீ இங்கே வந்தால்
உனக்குத் தர என்னிடம் ஒரு நாற்காலிதான் இருக்கும்.

வலியைத் தாங்கலாம்.
சரக்கு லாரி நிற்குமா என்று
தார்ச்சாலையில் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நிற்பதுதான்.

ஏழாம் நாள் போனபோது
தலையின் முடிவு வந்திருந்தது.
படித்துக் காட்டாமல்
காகிதத்தை மடித்து வைத்துவிட்டு
சட்டைக் கையைத் தூக்கு, என்றாள்.
தெரிந்துகொண்டேன்.

என் தம்ளரில் மகளைக் குடிக்க விடவில்லை.
அப்படியெல்லாம் ஒட்டாது என்று ந்தாபேவா சொன்னாள்தான்.
சொன்னால் ஆச்சா?

இன்னொன்று, இதை யாரிடமும் சொன்னதில்லை.
விடியுமுன் எழுந்து
ஒரு தம்ளர் தண்ணீரை முகத்துக்கு நேரே பிடிக்கிறேன்.
தொண்டை பயப்படுகிறதா என்று பார்க்கிறேன்.
பிறகு குடிக்கிறேன்.
நாலாவது ஊசி போட்டு இரண்டு மாசம் ஆகிறது.
இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள்.
ஆனாலும் தம்ளர்.

இன்று காலை கை நடுங்கிக் கொஞ்சம் சிந்தியது.
கை ஏன் நடுங்கியது என்று நின்றேன்.
குளிர், வேறொன்றும் இல்லை.
குனிந்து துடைக்கப் போனேன்,
கினிக்கோழி முந்திக்கொண்டது.